குப்புறக் கிடப்பவனை யார் திருப்புவது

1
ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது ஒட்டுக்கேட்ட கதை. தைவானில், ஜியாயி நகரில் என் மகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், பக்கத்து நாற்காலிகளில் இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். ஒருத்தி குறைமாதத்தில் பிறந்த ஆண்குழந்தையின் தாய். யுன்-சி என்று வைத்துக்கொள்கிறேன். மற்றவள் அவள் நாத்தனார் லீ-சூ. சண்டை, குழந்தையின் பின்மண்டையைப் பற்றி.

2
முதல் தொடக்கம்: 'இரத்த அழுத்தம் என்பது உறக்கத்திலும்…' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது:

"மல்லாக்கவே போட்டா மண்டை தட்டையாயிடும். உன் புருஷன் மண்டையப் பாரு, உருண்டையா! எங்கம்மா குப்புறப் போட்டு வளத்தது," என்றாள் லீ-சூ.

"டாக்டர் மல்லாக்கத்தான் போடச் சொன்னாரு, அண்ணி."

"ஆஸ்பத்திரியில மட்டும் குப்புறப் போட்டாங்களே! கண்ணாடிப் பெட்டிக்குள்ள தவளையாட்டம் கெடந்தான். நீதானே போட்டோ அனுப்புன?"

யுன்-சி போனை எடுத்து அந்தப் போட்டோவைத் தேடினாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

3
(கட்டுரைப் பகுதி. தாண்டிவிடாதீர்கள்.) ஆஸ்பத்திரியில் மட்டும் ஏன் குப்புறப் போடுகிறார்கள் என்று, என் சந்தேகம் போலவே, தடுப்பூசி போட்ட டாக்டரிடம் கேட்டேன். "மூச்சு சுலபமா வரட்டும்னு அங்க குப்புறப் போடுவோம். நெஞ்சுல ஒயர் மாட்டி பக்கத்துலயே ஆள் நிக்கும். வீட்டுல யாரு நிக்கிறா?" என்றார். குறைமாதக் குழந்தை குப்புறத் தூங்கும்போது இரத்த அழுத்தம் இறங்கலாமாம். இறங்கினால் இழுத்துப்பிடிக்க அந்த உடம்பு இன்னும் பழகவில்லை. ஆபத்து வந்தாலும் சட்டென்று விழிக்காது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல தூக்கம்.

அப்படியானால் நல்ல தூக்கம் என்பது… (முடிக்கத் தெரியவில்லை.)

4
இனி என் கற்பனை. வீட்டில், மல்லாக்கப் போட்டதும் கைகளை உதறிக்கொண்டு அழுகிறான். யுன்-சி குளிக்கப் போன நேரத்தில் லீ-சூ அவனைக் குப்புறத் திருப்புகிறாள். (இவளை வில்லியாக்கப் பார்த்தேன். தம்பி மனைவிக்கு நல்லெண்ணெயில் கோழி வதக்கி எடுத்துவருகிறவளை எப்படி ஆக்குவது?)

"பாரு, எப்படித் தூங்குறான்! நீயும் கொஞ்சம் கண்ண மூடு," என்கிறாள், குளித்துவிட்டு வந்தவளிடம்.

யுன்-சி பல நாளாகத் தூங்காதவள். குழந்தையை நோக்கி நீட்டிய கை பாதியில் நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

5
முடிவு அ: அவளும் கண்ணயர்ந்து… (அடித்துவிட்டேன். எழுதமாட்டேன்.)

முடிவு ஆ: டாக்டர் வந்து விளக்குகிறார். (அவர் எதற்கு வீட்டுக்கு வருகிறார்?)

முடிவை உங்களிடமே விட்டுவிடலாம் என்றிருந்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அதுதான் நாகரிகம். ஆனால் நீங்கள் பக்கத்தை மூடிவிட்டு டீ போடப் போய்விடுவீர்கள். அவன் குப்புறவே கிடப்பான். அதனால் கதைக்குள் கையை விட்டு நானே திருப்பிவிட்டேன்.

விழித்துக்கொண்டான். வீலென்று கத்துகிறான். இரண்டு பெண்களும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள். மண்டை தட்டையாகுமா, எனக்குத் தெரியாது. மல்லாந்தபடியே இவனை எப்படித் தூங்கவைப்பது என்றும் தெரியாது. வாருங்கள், கொஞ்சநேரம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.