கேஸாவின் முறை

மாடியில் அம்மாவின் தாடையைத் துணியால் கட்டிவிட்டு வீப்கெ இறங்கி வந்தபோது, சமையலறையில் கூட்டம் ஆரம்பித்திருந்தது. இந்த வீட்டில் எழவே விழுந்தாலும் கூட்டம் கூடித்தான் ஆகவேண்டும். பூட்டிக் கிடந்த கட்டடத்தின் கதவை உடைத்துக் குடியேறிய நாளிலிருந்து இங்கே முதலாளியும் இல்லை, தலைவரும் இல்லை. எல்லாரும் ஒப்பினால்தான் எதுவும் நடக்கும். ஒருவர் கைகளைக் குறுக்கே கட்டினால் அதோடு நின்றுவிடும்.

"பெட்டிய துறைமுகத் தெரு வழியா ஊர்வலமா கொண்டு போறோம். கறுப்புக்கொடி, மேளம் எல்லாத்தோடயும்," என்றார் உல்ஃப். அன்று வீப்கெயின் அம்மா கேஸாவோடு சேர்ந்து கதவை உடைத்தவர். "நம்மள காலி பண்ண போலீஸ் வரப்போற நேரம். ஹாம்பர்க் ஊரே பாக்கணும்."

வீப்கெயின் பள்ளி விழா, பிறந்தநாள், காய்ச்சல் எல்லாவற்றையும் போராட்டம் தின்று தீர்த்துவிட்டது. இந்த ஒரு நாளாவது அம்மா தனக்கு வேண்டும். கைகளைக் குறுக்கே கட்டினாள்.

"நான் ஒத்துக்க மாட்டேன். சத்தமில்லாம அடக்கம் பண்ணணும்."

"நீ பேசலாம், தடுக்க முடியாது," மாரெட் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். வீப்கெயோடு இதே வீட்டில் வளர்ந்தவள்; வீப்கெ வெளியேறிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டவள். "வீட்டு வேலையில பங்கெடுக்கிறவங்களுக்குத்தான் அந்த உரிமை. கேஸாவே கொண்டு வந்த விதி."

"நான் அவ பொண்ணு!"

"ரத்த சொந்தம்னு இங்க தனிச் சலுகை கிடையாதும்மா," என்றார் உல்ஃப்.

வீப்கெ பல்லைக் கடித்தாள். "இன்னிக்கு கக்கூஸ் கழுவுற முறை யாருது?"

மாரெட் சுவரில் ஒட்டியிருந்த முறைப்பட்டியலைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல?"

"கேஸாவோடது," என்றாள் மாரெட்.

வீப்கெ வாளியை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று மாடிகள். தேய்க்கத் தேய்க்க அழுகை பொங்கியது, அழுதுகொண்டே தேய்த்தாள். திரும்பி வந்து, ஈரக் கைகளைக் குறுக்கே கட்டியபடி நின்றாள்.

உல்ஃபின் முகம் சிவந்தது. "ஒரு வாளித் தண்ணிய ஊத்திட்டு எங்கள நிறுத்திடுவியா?"

"விதி விதிதான், உல்ஃப்," என்றாள் மாரெட். ஊர்வலப் பேச்சு அத்தோடு முடிந்தது.

"சரி. தடுத்தவங்கதான் வேற வழி சொல்லணும்," என்றார் அவர் குத்தலாக. "சொல்லு, பாப்போம். யாரெல்லாம் வர்றாங்க?"

வீப்கெ யோசித்தாள். சொந்தம் என்று ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

"கொடி வேணாம். மேளம் வேணாம்," என்றாள் மெதுவாக. "பெட்டியத் தூக்க ஆறு பேர் வேணும். குடும்பத்துல நான் ஒருத்திதான் இருக்கேன்."

சம்மதம் என்றால் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைப்பது வழக்கம். முதலில் எழுந்தவை உல்ஃபின் கைகள். விரல்களை அசைக்க மறந்து, அப்படியே தூக்கிப் பிடித்திருந்தார்.