பிணத்தின் சிரிப்பு

தடயவியல் துறையினரைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக, பெரியநாயக்கன்பாளையத்தில் மூடிக்கிடந்த ஒரு பட்டறையில் மாசாணம் பிணமாகப் படுத்திருந்தார். காலையிலிருந்து இரண்டு பேர் இமை அசைத்து, வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அசையாமல் கிடந்தால், செத்தவன் உயிரோடிருந்த காட்சிகளிலும் அவரே நடிக்கலாம், வசனமும் உண்டு என்று இயக்குநர் கௌதமன் சொல்லியிருந்தார். துணை நடிகராகக் கழித்த பதினோரு வருடத்தில் மாசாணத்துக்கு ஒரு வசனமும் வாய்த்ததில்லை.

கேமரா ஓடத் தொடங்கியதும் ஒரு பூரான் அவர் வேட்டிக்குள் நுழைந்தது. கையுறை அணிந்த நடிகை குனிந்து, அவர் நகத்திலிருந்து மண்ணைச் சுரண்டினாள். பூரான் தொடையைக் கடந்து, வயிற்றில் நின்று யோசித்து, நெஞ்சுக்கு ஏறியது. மாசாணம் மூச்சை அடக்கிக்கொண்டு, தான் ஒரு பாறை என்றும் தன்மேல் மழைநீர் ஊர்கிறது என்றும் நினைத்துக்கொண்டார்.

"கட்!"

அவர் துள்ளி எழப் போனார். உதவி இயக்குநர் பொற்கொடி பதறி ஓடிவந்தாள். "ஐயோ, எந்திரிச்சுப்போடாதீங்கண்ணா! பொணமா நடிச்சவங்க கேமராவப் பாத்துச் சிரிச்சுப்போட்டுத்தானுங்க எந்திரிக்கோணும். இல்லீன்னா அபசகுனமுங்க, ஆகாதுங்க."

கேமரா மறுபடி ஓடியது. மாசாணம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் பூரான் கழுத்தடியில் கடித்தது. கண்ணில் நீர் பெருகியும் அவர் சிரிப்பை விடவில்லை.

கௌதமன் திரையிலிருந்து நிமிர்ந்தார். "ஏனுங்க, இந்தச் செத்துப்போனவன் தன் பொண்ணு கல்யாணத்துல சிரிக்கிற காட்சி ஒண்ணு இருக்குது. நாளைக்கு இதே சிரிப்பு வேணுமுங்க. வசனத்த இப்பவே தரட்டுங்களா?"

"தாங்க சாமி," என்றார் மாசாணம். "மொதல்ல இந்தப் பூரான எடுத்துப்போடுங்க."