பவுனம்மாளின் கூறைப் புடவையை இன்னொருவர் கட்டிய கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில். யாரோ ஒருவர் வாசலில் நின்ற பொம்மையைக் காட்டி, "இதுக்கு எவ்ளோ அழகா இருக்கு பாரு" என்றார். பக்கத்திலிருந்த மனைவி கையிலிருந்த புடவையைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். பொம்மையோடு போட்டியா! அந்தக் கோபத்தை எழுத எனக்கு உயிருள்ள ஒரு பொம்மை தேவைப்பட்டது. அதனால் நூறு வருஷம் பின்னால் போனேன்.

2

முதல் தொடக்கம்: "1926. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கிள்ளானிலிருந்து வந்த..."

[அடித்துவிட்டேன். மழை வேண்டும்தான், ஆனால் அது பெட்டிக்குள் போனால் போதும்.]

இரண்டாவது: கிள்ளானில் ஆடி முடித்து பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த நாடகக் கம்பெனியின் உடைப்பெட்டி வழியில் நனைந்துபோனது. ராணி வேஷத்துக்குப் புடவை இல்லை. ராணியாக நடிப்பவன் கார்த்திகேசு, ஆண்பிள்ளை. அவன் நாடகம் என்றால் ரயில்வே பட்டறைத் தொழிலாளி சபாபதிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கிள்ளானுக்கே ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன். விஷயம் கேள்விப்பட்டதும் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"பவுனு, ஒன் கூறைப் பொடவைய எடு. கார்த்திகேசு கட்டப் போறாரு!"

"நானே ரெண்டு தடவதாங்க கட்டியிருக்கேன்."

"அதான் புதுசா இருக்கு. குடு."

பவுனம்மாள் கொடுத்தாள். அவளுக்கும் உள்ளூர ஒரு பெருமை இருந்தது என்று எழுதலாமா? இருந்தது. எழுதிவிடுகிறேன்.

3

கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆகவே பவுனம்மாளுக்கு மேடையும் தெரிந்தது, கணவன் முகமும் தெரிந்தது. [இந்த வசதிக்காகவே அவளை ஓரத்தில் உட்கார வைத்தேன்.]

அரக்குச் சிவப்புப் புடவையில் ராணி வந்தாள். சபாபதி வாயைப் பிளந்தான். கலியாணத்தன்று இதே புடவையில் பவுனம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, "பந்தியில வெத்தல வெச்சாச்சா?" என்று யாரையோ கேட்டவன் அவன். காட்டுக்கு விரட்டப்பட்ட ராணி முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அவனும் அழுதான்.

பவுனம்மாளுக்கு வயிறு எரிந்தது. அந்த இடுப்பு, அந்த நடை, அத்தனையும் தன் புடவையில்! நன்றாக இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மோசமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.*

* கார்த்திகேசுவைக் கொஞ்சம் மோசமாக நடிக்க வைத்தும் பார்த்தேன். கதை படுத்துவிட்டது.

4

மறுநாள் காலை கார்த்திகேசு தானே புடவையைக் கொண்டுவந்தான். அரிதாரம் இல்லாத முகத்தில் அம்மைத் தழும்புகள். பவுனம்மாளுக்கு அற்ப சந்தோஷம். சபாபதி நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் போட்டான்.

"அக்கா, முந்தான ஓரத்துல இழை ஓட்டியிருக்கீங்களே, ஒங்க கைவேலையா? நேத்து எனக்கு அழுகையே வரல. அதத் தடவினதும் வந்துருச்சு. எப்படிக் கிழிஞ்சுச்சு?"

தலைதீபாவளியன்று ரயில் ஏறும்போது கதவில் மாட்டிக் கிழிந்தது. சபாபதி முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவள் கணவனைப் பார்த்தாள்.

"கிழிஞ்சிருக்கா? எங்க?" என்றான் சபாபதி.

[இங்கே பேனாவை வைத்துவிட்டேன். நல்ல வசனம் முழுவதும் கார்த்திகேசுவுக்கே போய்விட்டது. இப்போது எனக்கே அவன்மேல் பொறாமை.]

5

முடிவு அ: புடவையைத் துவைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறாள். [பூட்டி வைக்கிற பயம் என்னுடையது, அவளுடையது அல்ல.]

முடிவு ஆ: புடவையைக் கார்த்திகேசுவுக்கே கொடுத்துவிடுகிறாள். [சபாபதிதான் மகிழ்ந்துபோவான். கூடாது.]

இன்னொன்றை யோசிப்பதற்குள் அதுவாகவே நடந்துவிட்டது. கார்த்திகேசு கிளம்பியதும் பவுனம்மாள் உள்ளே போய், அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவனைப் போல அல்ல, தனக்குத் தெரிந்த மாதிரி. பவுடர் வாசனை இன்னும் போகவில்லை. இழை ஓட்டிய ஓரம் வெளியே தெரிந்தது.

"என்னங்க."

சபாபதி தெருவில் போகிற நடிகனைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தான். திரும்பினான். பார்த்தான். வாயைத் திறந்தான்.

அவனுக்கு நான் வசனம் எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுக்குக் கிடைப்பது இன்னொரு நாடகம்தான். உங்கள் முன்னால் யாராவது இப்படி வந்து நின்றிருப்பார்கள். அன்றைக்கு என்ன சொன்னீர்களோ, என்ன சொல்லாமல் விட்டீர்களோ, அதைச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.