ஒரு சாண் இடப்பக்கம்

குரங்கின் மேல் துப்பாக்கி ரவை பட்டதும் தணிகாசலத்துக்கு முதல் கோபம் வந்தது குரங்கின் மேல்தான். அத்தனை பெரிய மாமரத்தில் அதற்கு உட்கார வேறு கிளையே கிடைக்கவில்லையா? இரண்டாவது கோபம் துப்பாக்கியின் மேல். மூன்றாவது வருவதற்கு ஒரு நிமிடம் ஆனது. ஆனால் வந்தது பாருங்கள், அதுதான் கோபம்.

காது கிழிந்த பெரிய கடுவன் அது. ரவை தொடையை உரசிக்கொண்டு போயிருந்தது. தொடையைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, நிதானமாகத் தணிகாசலத்தைப் பார்த்தது. எம்.ஆர்.ஓ. ஆபீஸில் சான்றிதழுக்கு நிற்கிறவனைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு மூன்று காலில் நொண்டிக்கொண்டு போனது. கூட்டம் மொத்தமும் பின்னாலேயே போனது.

காணிப்பாக்கம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அவனுக்கு நாற்பது தோத்தாபுரி மாமரங்கள். காய் முற்றிக்கொண்டிருந்தது. ஜூஸ் பேக்டரிக்கு லாரி ஏற்ற இன்னும் பதினைந்து நாள். குரங்குகளுக்கு ஒரு காயை முழுசாகத் தின்னும் நாகரிகம் கிடையாது. கடித்துப் போடும், அடுத்ததைப் பறிக்கும். பட்டாசு வெடித்துப் பார்த்தான். மூன்றாம் நாளிலிருந்து அவை பட்டாசு பார்க்கவே குடும்பத்தோடு வந்தன. கடைசியில்தான் சித்தூரில் ஒருத்தரிடம் பழைய ஏர்கன் வாங்கினான். குழலுக்குக் கீழே இருக்கும் கைப்பிடியை இழுத்து இழுத்துக் காற்றடைத்துச் சுடுகிற வகை.

அவன் மனைவி தேவசேனா சனிக்கிழமைதோறும் ஆஞ்சநேயருக்கு ஒருபொழுது இருப்பவள். ஒரே நிபந்தனையோடுதான் துப்பாக்கியை வீட்டுக்குள் விட்டாள்: "ஒரு கொரங்கு மேல ரவ பட்டுச்சோ, அன்னிக்கே இது கெணத்துல போயிடும்."

ஆகவே தணிகாசலம் ஒரு வழி கண்டுபிடித்தான். மரத்துக்கு மரம் பாதியாக வெட்டிய எண்ணெய் டின்னைக் கட்டித் தொங்கவிட்டான். சுடுவது டின்னை மட்டும்தான். 'டங்'கென்ற சத்தத்தில் கூட்டம் ஓடிவிடும். இரண்டு வருடமாக ஒரு குரங்குக்கும் முடி உதிரவில்லை. இப்போது துப்பாக்கி கிணற்றுக்குப் போனால், லாரியில் ஏற்றுவதற்குக் காம்புதான் மிஞ்சும்.

மூன்றாவது கோபத்துக்கு ஒரு பெயர் இருந்தது: பிரபாகர். தேவசேனாவின் தம்பி. திருப்பதியில் ரூம் எடுத்துக்கொண்டு ஸ்ரீசிட்டி கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறவன். சோறு போட்டு வைத்தாலும் மேலே ஃபேன் கிறீச்சிட்டால் முதலில் ஸ்டூல் தேடுகிற ஜாதி. போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, "மாமா, அந்த கன்ன கொஞ்சம் பாக்கட்டா?" என்றான். வாய் நிறைய கறியோடு தணிகாசலம் தலையாட்டினான். பார்ப்பது என்றால் பார்ப்பது என்றுதான் நினைத்தான், பாவி. அதற்குப் பிறகு துப்பாக்கியை எடுத்தது இன்றைக்குத்தான்.

போன் போட்டான். "டேய் மச்சான், என் துப்பாக்கிய இன்னாடா பண்ண?"

"சூப்பரா இருக்குதா மாமா?"

"நேர்ல வா. சொல்றேன்."

அதை விருந்துக்கு அழைப்பு என்று எடுத்துக்கொண்டு, சாயந்திரம் பைக்கில் அரைக் கிலோ மைசூர்பாக்கோடு வந்து இறங்கினான் பிரபாகர்.

அதற்குள் தேவசேனா மரத்தடியில் ரத்தச் சொட்டைப் பார்த்துவிட்டிருந்தாள். சத்தம் போடவில்லை. "கெணறு எந்த பக்கம்னு தெரியும் இல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வாசலில் முறத்தோடு உட்கார்ந்துவிட்டாள். தணிகாசலத்துக்கு இருந்த ஒரே வழி, குற்றவாளியை அவள் முன்னால் நிறுத்துவதுதான்.

"சொல்லுடா உங்க அக்காகிட்ட. இன்னா பண்ண?"

பிரபாகர் உற்சாகமாகச் சொன்னான். "வாஷரு காஞ்சி கருவாடா கெடந்துச்சி மாமா. அதான் காத்து நிக்கல. நீ இன்னா எண்ணெ போட்ட?"

"தேங்கா எண்ணெ."

"அது தலைக்கி மாமா! புது வாஷரு போட்டு, அதுக்குன்னு இருக்கிற ஆயில ஒரே ஒரு சொட்டு வுட்டேன். அப்பறம் அரிசி மூட்ட மேல கன்ன ஆடாம வெச்சி, இருவத்தஞ்சி அடியில பேப்பர் ஒட்டி, எட்டு எட்டு பம்ப்பு அடிச்சி அஞ்சி ரவ சுட்டேன். அஞ்சும் ஒரே எடத்துல! ஆனா பேப்பர் நடுவுல இல்ல, ஒரு சாண் வலப்பக்கம். பின்னாடி குறி பாக்கிற தகடு வளைஞ்சி தள்ளிக்கினு இருந்துச்சி. ஸ்க்ரூவ லூசு பண்ணி இடப்பக்கம் கொஞ்சம் தள்ளினேன், சுட்டேன். மறுபடியும் தள்ளினேன், சுட்டேன். நாப்பது ரவ, மூணு மணி நேரம். இப்போ நூல் புடிச்சாப்ல போவுது. எட்டு பம்ப்புக்கு மேல மட்டும் அடிக்காத, ரவ மேல தூக்கிடும்."

தகடு ஏன் வளைந்தது என்பது தணிகாசலத்துக்குத் தெரியும். வாங்கின அன்றைக்கே பைபாஸில் பைக்கிலிருந்து நழுவவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயமானதும் எடுத்துத் துடைத்துக்கொண்டவன் அவன்தான். அது நினைவுக்கு வந்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

"யார்ரா உன்ன நேராக்க சொன்னது? கோணலா இருந்தா இருக்கட்டுமே! என் துப்பாக்கி, என் கோணலு! ரெண்டு வருசமா அதோட குடும்பம் நடத்திக்கினு இருக்கேன்!"

"சொல்லலாம்னு வந்தேன் மாமா. நீ கொறட்ட வுட்டுக்கினு இருந்த."

"எழுப்பறதுக்கு கை இல்லியா?"

"எழுப்பினேன். திட்டின."

அதுவும் நடந்திருக்கக்கூடியதுதான்.

பிரபாகர் துப்பாக்கியை வாங்கி எட்டு முறை காற்றடித்தான். முன் மரத்து டின்னைப் பார்த்துச் சுட்டான். டங். "பாத்தியா? நீ எங்க குறி வெச்ச?"

"எப்பவும் வெக்கிற எடத்துலதான்டா! டின்னுக்கு ஒரு சாண் இடப்பக்கம்! அங்க வெச்சாதான் டின்னுல படும்!"

"அங்க இன்னா இருந்துச்சி?"

"கொரங்குதான் இருந்துச்சி! அது தொப்புள பாத்து வெச்சா கரெக்டா..."

வார்த்தை பாதியில் நின்றது. நின்று பிரயோஜனமில்லை. தேவசேனா முறத்தைக் கீழே வைத்தாள்.

"யோவ். ரெண்டு வருசமா நீ கொரங்கத்தான் குறி பாத்துக்கினு இருந்தியா?"

"அது மேல படாதுன்னு எனக்கு தெரியும் தேவா..."

"தெரியுமா? சனிக்கெழம சனிக்கெழம நான் பட்டினி கெடந்து தீபம் வெக்கிறேன். நீ அதும் தொப்புள பாத்துக்கினு இருந்தியா?"

அவள் குரல் நடுங்கியது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான். நடுங்கினால் என்ன செய்வது என்று அவனுக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். "இரு, பழயபடி கோணலாக்கிடறேன்."

"ஆக்கு. ஆக்கிட்டு மறுபடியும் கொரங்க பாத்து சுடு."

ஸ்க்ரூடிரைவரை வைத்தான். டின்னைப் பார்த்தே சுட்டுக் காட்டுவதாகச் சவால்விட்டு நின்றான். டின்னின் நட்டநடுவில் குறி வைத்தான். விசையை அழுத்தும் நேரத்தில் கை தானாக இடப்பக்கம் நகர்ந்தது. ஒரு இலை விழுந்தது. மறுபடி சுட்டான். இன்னொரு இலை. மூன்றாவது தடவை ஒரு நல்ல காய் விழுந்தது.

"பழகிடும் மாமா," என்றான் பிரபாகர்.

"பழகற வரைக்கும் எத்தினி கொரங்குடா?" தேவசேனா துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தாள். தணிகாசலம் தடுக்கவில்லை; தடுக்க என்ன முகம் இருக்கிறது? கிணற்றடியில் நின்றாள். தோட்டத்தைப் பார்த்தாள். அவளும் சேர்ந்து தண்ணீர் கட்டி, மருந்தடித்து வளர்த்த காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அந்த ஒரு நிமிடம் முழுக்க தணிகாசலத்தின் மூச்சு கிணற்றுக்குள் இருந்தது.

திரும்பி வந்தாள். "டேய் பிரபா. இத எங்க வெச்சி பாக்கணும்?"

சொல்லிக்கொடுத்தான். தோளில் வைத்தாள், ஒரு கண்ணை மூடினாள், டின்னைப் பார்த்தாள், டின்னைச் சுட்டாள். டங்.

"இனிமே இத நான்தான் சுடுவேன்," என்றாள் புருஷனிடம். "நீ பம்ப்பு அடிச்சி குடு. மீறி வெரல வெச்ச, கெணறு இருக்குது."

மறுநாள் காலையில் கூட்டம் வந்தது. கடைசியாகக் கடுவனும் நொண்டிக்கொண்டு வந்து, டின்னுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தது. தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு பம்ப் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் மச்சானுக்கு ஒரு வசவு. எட்டோடு நிறுத்த வேண்டியிருந்ததுதான் வருத்தம். துப்பாக்கியை நீட்டினான். தேவசேனா தோளில் வைத்தாள். சுடவில்லை.

"சுடு தேவா."

"இரு. அது தள்ளி போவட்டும்."

"அது எங்க போவுது? காய துன்னுது பாரு!"

"கால்ல காயம். மெதுவாத்தான் எறங்கும்."

கடுவன் பாதிக் காயை எறிந்துவிட்டு இன்னொன்றைப் பறித்தது.

"ரெண்டாவது காய்!" என்றான் அவன், அழாத குறையாக.

"துன்னட்டும்."

தணிகாசலத்துக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. இரண்டடி முன்னால் போய், அது மிரண்டு குதித்துவிடாதபடி குரலைத் தாழ்த்தி, கடுவனைப் பார்த்துக் கையை ஆட்டினான். "எறங்குடா சாமி. மெதுவா. அந்த கால ஊனாத."