காஞ்சனாவின் பின்னல்

காஞ்சனாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் முடியைப் பற்றி மட்டும் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அங்கேதான் இருக்கிறது. இடுப்பைத் தாண்டி முழங்காலைத் தொடப் பார்க்கும் முடி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். எனக்கு நெற்றி ஏறிக்கொண்டே போகிறது, அவளுக்கு ஒரு நரை கிடையாது. சாயம் பூசுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

அவள் அந்த முடியை அவிழ்த்துவிட்டால் மழை வரும். எங்கள் தோட்டம் இருக்கிற பாடாங் மேஹா பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

என்னிடமும் ஒன்று உண்டு. கோயில் மண் ஒரு சிட்டிகை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்தேன் என்றால், அந்த இடத்துக்கு மழை வராது. சுற்றிலும் கொட்டும், கல்யாணக் கூடாரத்தின் மேல் ஒரு சொட்டு விழாது. கூலிமில் தொழிற்சாலையில் சிஃப்ட் வேலை எனக்கு. யாராவது கூப்பிட்டால் லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவேன். குணசுந்தரி என்ற பேரை மறந்து என்னை 'மழைக்கட்டி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான்.

ஆனால் பெய்யாத மழையை யார் வேடிக்கை பார்ப்பார்கள்? அவள் பெய்ய வைத்தால் ஊரே வாசலுக்கு வந்து வாயைப் பிளக்கும். நான் நிறுத்தினால், "இன்னிக்கி நல்ல வெயிலுலா" என்று சொல்லி, விருந்தைச் சாப்பிட்டு வெற்றிலையை மென்றுகொண்டு போய்விடுவார்கள். இந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்று நேற்று வந்ததல்ல.

அவள் கெட்டவள். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்ய மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றபோது, நிலத்தை வாங்கியவன் இவளைத்தான் போய்ப் பார்த்தான். இவள் ஆற்றங்கரையில் நின்று முடியை அவிழ்த்துவிட்டாள். லயம் கூரை வரைக்கும் முழுகியது. அங்கே குடியிருந்த குணவதியின் மாமனார், படுத்த படுக்கையாய்க் கிடந்தவர், கட்டிலோடு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் கோயில் தலைவர் பழனியாண்டி கூட்டம் போட்டு, தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டி அவள் உள்ளே வரக்கூடாது என்று சொன்னார். மற்றவர்கள் அழுதார்கள். எனக்கோ அன்றைக்கு உள்ளுக்குள் தீபாவளி.

இந்த வருஷத் திருவிழாவுக்குக் கூலிம், சுங்கை பட்டாணி, பினாங்கு என்று போய்க் குடியேறியவர்கள் எல்லோரும் தோட்டத்துக்குத் திரும்பி வந்திருந்தார்கள். தீமிதிக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால், பூக்குழி இறங்கி அதை அவிழ்க்கும் வரைக்கும் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. கல்யாணமோ சாவோ, எதுவாக இருந்தாலும் தாண்டக்கூடாது. நான் தீச்சட்டி எடுப்பதற்காகக் கட்டிக்கொண்டேன். என் மகள் ரூபினி பூக்குழி இறங்கக் கட்டிக்கொண்டாள். போன வருஷம் எனக்கு வயிற்றில் கட்டி எடுத்தபோது அவள் வேண்டிக்கொண்ட வேண்டுதல் அது.

காப்புக் கட்டிய மறுநாள் மழை பிடித்தது. நான் அலட்டிக்கொள்ளாமல் முந்தானையில் முடிச்சுப் போட்டேன். முடிச்சு தானாக அவிழ்ந்தது. இறுக்கிப் போட்டேன், பல்லால் கடித்து இழுத்தேன். நனைந்த துணி வழுக்கிக்கொண்டு மறுபடி அவிழ்ந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இது வானத்து மழை இல்லை, அவள் தலையிலிருந்து இறங்குகிற மழை.

ஆறு ஏறிக்கொண்டே வந்தது. செம்பனைக் காட்டுக்குள் தண்ணீர் நுழைந்தது. தீயணைப்புக்காரர்கள் லாரியில் வந்து, மேலே கரை உடையப் போகிறது, மத்தியானத்துக்குள் எல்லோரும் பள்ளி மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். காப்புக் கட்டாதவர்கள் மூட்டையோடு ஏறினார்கள். காப்புக் கட்டியவர்கள் கோயில் கொட்டகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தர் அசையவில்லை. அவர்களோடு வந்த மலாய் அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். பழனியாண்டி அண்ணன் தன் மணிக்கட்டைக் காட்டித் தலையாட்டினார்.

நான் ரூபினியின் கையைப் பிடித்து இழுத்தேன். "நீ மட்டும் போடி. ஆத்தாகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

"காப்பு கட்டிட்டேன்மா. எல்லையத் தாண்டுனா வேண்டுதல் என்னா ஆவுறது? அந்தக் கட்டி திரும்ப வந்துச்சுன்னா?"

"வந்தா வந்துட்டுப் போவுது. தண்ணி வருதுடி!"

"வரட்டும். நான் எங்கயும் போவல."

என் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருந்தது. எனக்காக வேண்டிக்கொண்டு எனக்காகவே சாகப் போகிறேன் என்கிற பிள்ளையை எந்த வாயால் திட்டுவது? கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று காஞ்சனாவுக்கு போன் போட்டேன்.

அவள் நம்பர் என்னிடம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அவள் ஸ்டேட்டஸை ஒருநாள் விடாமல் பார்க்கிறவள் நான். காப்புக் கட்டிய அன்று சாயங்காலம் அவள் ஒரு படம் போட்டிருந்தாள். பெரிய ரோட்டிலிருந்து எடுத்த எங்கள் கோயில் விளக்கு அலங்காரம். ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை.

முதல் மணியிலேயே எடுத்தாள். "நீதான் கூப்புடுவேன்னு தெரியும்லா" என்றாள்.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தாள். கொட்டுகிற மழையில் அவள் நின்ற இடம் மட்டும் காய்ந்திருந்தது. நான் நனைந்த கோழியாய் இந்தப் பக்கம் நிற்கிறேன். அவள் மிளகாய்ப்பழ நிறத்தில் சேலை கட்டி, முடியை விரித்துப் போட்டு, கல்யாணத்துக்கு வந்தவள்போல் நிற்கிறாள். இந்த நேரத்திலும் அந்த நிறம் அவளுக்கு எடுப்பாக இருக்கிறதே என்றுதான் என் புத்தி போனது.

"ஏண்டி இப்படிப் பண்ற? உள்ள பிள்ளைங்க உக்காந்திருக்குடி."

"திருவிழாவுக்கு ஊரையே கூப்புட்டீங்க. எனக்கு ஒரு வார்த்தை இல்ல. ரோட்டுல நின்னு விளக்கப் பாத்தேன். மனசு ஒரு மாதிரியா ஆயிருச்சு, அவுத்து விட்டுட்டேன்."

"சரி, நிறுத்து."

அவள் முகம் அப்போதுதான் மாறியது. "முடியலலா. எப்பவும் அதுவா ஓஞ்சிரும். இந்தத் தடவ ஓயல. நானே பின்னிப் பாத்தேன், பின்னப் பின்ன அவுந்துக்குது. கட்டுற கை எனக்குக் கெடையாது. உனக்குத்தான் அது இருக்கு."

எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்! உனக்குத்தான் இருக்கு. அந்த அவசரத்திலும் என் காது குளிர்ந்தது. ஆனால் அதை முழுசாக அனுபவிக்க விடாமல் அவள் அடுத்த வார்த்தையைப் போட்டாள்.

"பின்னி விடு. ஆனா மழைய நிறுத்துனது நான்னு ஊர்ல சொல்லணும். மைக்குல சொல்லணும். அவுத்து விட்டது நான்னு சொல்லக்கூடாது. காப்பு மேல சத்தியம் பண்ணு."

"இதுக்கு என் கழுத்த அறுத்துட்டுப் போயேன்."

"உன் இஷ்டம். எனக்கு நீச்சல் தெரியும்."

இதனால்தான் சொன்னேன், கெட்டவள் என்று. மேலே கரைப் பக்கமிருந்து மரம் முறிகிற சத்தம் கேட்டது. ரூபினியின் முகம் கண்முன் வந்தது. மஞ்சள் கயிற்றைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். என் பேரை, எனக்கென்று இருந்த ஒரே பேரை, அவள் கையில் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்தது ஒரு சிக்கல். நான் எல்லையைத் தாண்டக்கூடாது, அவள் உள்ளே வரக்கூடாது. கையை மட்டும் நீட்டலாமா என்றாள். கையில்தானே காப்பு இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தக் கல்லையே பார்த்தோம். உயிர் போகிற நேரத்தில் இரண்டு பொம்பிளைகள் சட்டம் பேசிக்கொண்டிருந்தோம்.

"முடி உள்ள வந்தா தப்பில்லையே? தள்ளி வச்சது என்னையத்தானே, முடிய இல்லயே" என்றாள் அவள்.

வெளிப்பக்கம் பார்த்துக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தாள். முடியை அள்ளிக் கல்லுக்கு மேலே என் பக்கம் போட்டாள். நான் சேற்றில் மண்டியிட்டு அதைக் கையில் வாங்கினேன்.

என்ன கனம்! மூன்று பிரியாகப் பிரித்தபோது விரலெல்லாம் விறைத்துப்போனது. முடிக்குள் காற்று அடித்தது. ஆற்று மண் வாசனை வந்தது. பிடரிப் பக்கம் காதை வைத்தால் இடி உருளுகிற சத்தம் கேட்டது. முதல் பின்னல் போட்டேன், அது என் கையை உதறிக்கொண்டு பிரிந்தது. கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே மறுபடி போட்டேன். இத்தனை அழகை இவளுக்கு எதற்குக் கொடுத்தாய் என்று மாரியாத்தாளையும் சேர்த்துத் திட்டினேன். கோபம் ஏற ஏறக் கை இறுகியது. மழை கொஞ்சம் மெலிந்தது.

"வலிக்குதுலா" என்றாள்.

"வலிக்கட்டும்."

பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஸ்கூலுக்கு ஒங்கம்மா உனக்கு ரெட்டைச் சடை போட்டு அனுப்புவாங்க, சிவப்பு ரிப்பன் வச்சு. எனக்குப் பின்னி விட ஆளில்ல. பக்கத்துல உக்காந்து உன் சடையத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன். அத அவுத்து விடணும்னு அவ்வளவு ஆசையா இருக்கும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷமாகப் பொறாமைப்பட்டது நான். அதிலும் பங்குக்கு வருகிறாளா? இன்னும் இறுக்கிப் பின்னிக்கொண்டே போனேன். இடுப்பளவு, தொடையளவு என்று பின்னல் நீள நீள, மழை தூறலாகி, தூறல் துமியாகியது. நுனிக்கு வந்தபோது கட்ட ஒன்றும் இல்லை. ரப்பர் வளையம் அறுந்து தெறித்தது. என் முந்தானையிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்தேன். ஈர மண்ணை ஒரு சிட்டிகை வைத்து, பின்னல் நுனியில் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன்.

முடிச்சு நின்றது, மழையும் நின்றது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கரை உடையவில்லை.

கோயில் மைக்கில் நான்தான் சொன்னேன். "மழைய நிறுத்துனது காஞ்சனா." கொட்டகையே எழுந்து நின்று கும்பிட்டது. பழனியாண்டி அண்ணன் மாலையோடு எல்லைக்கல்லுக்கு ஓடினார். "நடந்தது நடந்து போச்சு, உள்ள வா தாயி" என்று கூட்டி வந்தார். மாமனாரை வெள்ளத்தில் பறிகொடுத்த குணவதி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரத்தில் எனக்கு அவள் ஒருத்திதான் ஆறுதல். தட்டில் கற்பூரம் வைத்து ஆரத்தி எடுக்கச் சொன்னது யாரை என்று நினைக்கிறீர்கள்? என்னைத்தான்.

மறுநாள் நல்ல வெயிலில் பூக்குழி இறங்கினார்கள். ரூபினி தலையில் கரகத்தோடு, ஒரு முகச்சுளிப்பில்லாமல் நெருப்பைக் கடந்து வந்து பால்குழியில் கால் வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. உட்கார்ந்து அழுதேன்.

பிறகு காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்டோம். கரையேறி வந்தபோது காஞ்சனா மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். ரூபினி நேராக ஓடிப்போய் அவள் காலில் விழுந்தாள்.

"ஆண்ட்டி, நீங்க மட்டும் வரலன்னா நாங்க எல்லாரும் போயிருப்போம். எப்படி ஆண்ட்டி நிறுத்துனீங்க? எங்கம்மா முடிச்சுப் போட்டுப் போட்டுப் பாத்தாங்க, ஒண்ணும் நடக்கல."

"உங்கம்மாவும் சும்மா இல்லடா. எனக்குத் தலை பின்னி விட்டாங்க" என்றாள் காஞ்சனா.

எல்லோரும் சிரித்தார்கள். ரூபினியும் சிரித்தாள். ஊர் முழுகுகிற நேரத்தில் தலை பின்னிக்கொண்டிருந்த என் அசட்டுத்தனத்தை நினைத்துச் சிரித்தாள்.

காப்பு ஆற்றோடு போய்விட்டது. சத்தியமும் அதோடு போனதுதானே? நடந்ததையெல்லாம் கொட்டிவிட வாயைத் திறந்தேன். காஞ்சனா என்னைப் பார்த்தாள். மடியில் கிடந்த பின்னலை மெல்ல எடுத்து, நான் போட்ட முடிச்சின் மேல் இரண்டு விரலை வைத்தாள். வைத்துக்கொண்டு புன்னகைத்தாள். மேலே ஆறு இன்னும் வடியவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ரூபினி என் பக்கம் திரும்பினாள். உயிரோடு இருந்தாள், பாதத்தில் மஞ்சளும் சாம்பலும் ஒட்டியிருந்தன, முகத்தில் என்மேல் கொஞ்சம் சலிப்பு. "என்னாம்மா பாத்துக்கிட்டே நிக்கிற? ஆண்ட்டிக்கு ஒரு வார்த்தை தேங்க்ஸ் சொல்லேன்லா."

என் மகள் முன்னால், ஊர் முன்னால், கையைக் கூப்பிக்கொண்டு சொன்னேன். காஞ்சனாவுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

சொன்னேன்.