நோட்டு மட்டும் வரும்

மரகதம் கிராம சபை நோட்டைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடக் குனிந்த கணவன் மோகனின் விரல்களில் பேனா மட்டும் மிஞ்சியது.

"ஏய், இன்னா பண்ற? குடு அத்த!" என்றான் மோகன்.

"குடுக்க மாட்டேன்யா. இன்னாத்துக்குப் போடறன்னு தெரியுமா ஒனக்கு?"

வாசலில் நின்ற பஞ்சாயத்து கிளார்க் ஏகாம்பரத்துக்கு வியர்த்துவிட்டது. சுதந்திர தினத்துக் கிராம சபை கோயில் மண்டபத்தில் கூடியிருந்தது. காலனி ஜனங்கள் அந்த மண்டபத்தில் ஏறக்கூடாது. அது ஊர் வழக்கம். காலனியின் கையெழுத்து இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது, அது சட்டம். இரண்டுக்கும் பங்கம் வராமல் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆட்கள் வரவேண்டாம், நோட்டு மட்டும் காலனிக்கு வரும். தீட்டெல்லாம் மனிதருக்குத்தான், கையெழுத்துக்குக் கிடையாது போலிருக்கிறது!

ஒரகடம் சாலையில் கம்பெனிகள் வந்தபின் பஞ்சாயத்தில் வரிப்பணம் கொட்டியது. ஊர்த்தெருவுக்கு இரண்டு முறை சிமென்ட் ரோடு போட்டார்கள். காலனிக்குக் குழாய் போட மட்டும் மூன்று வருடமாகப் பணமில்லை. பெண்கள் அரை மைல் நடந்து யாரோ ஒருவரின் பம்புசெட்டில் கெஞ்சித் தண்ணீர் பிடித்தார்கள்.

"வரி எவ்ளோ வந்துச்சு, எங்க போச்சு, எங்களுக்குக் கொழா உண்டா இல்லியா? தலைவர இங்க வந்து கணக்கப் படிக்கச் சொல்லு சார். அப்பறம் நோட்டத் தர்றேன்."

"தலைவரையா? இங்கியா? இன்னாம்மே பேசற!"

"நாங்க அங்க வரக்கூடாது. செரி. அவுரு இங்க வர்றதுக்கு இன்னா தடை?"

ஏகாம்பரம் மண்டபத்துக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

மோகன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் தலைவருடையது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவன் வேலை போய்விடும்.

"என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே."

"தெரிஞ்சிதான்யா பண்ணேன்." அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நோட்டை விடவில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மண்டபத்தில் பஞ்சாயத்து யூனியன் ஆபீசர் காத்திருந்தார். நோட்டு இல்லாமல் அவர் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். அரை மணியில் தலைவரின் ஜீப் காலனி முனையில் வந்து நின்றது. அவர் இறங்கினார். மரகதம் இருந்த பக்கமே திரும்பவில்லை.

"மோகனு, அந்த நோட்ட வாங்கிக் குடு. இல்லன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராத."

மோகன் எழுந்து மனைவியிடம் போனான். அவள் கண் கலங்கியிருந்தது, பிடி தளரவில்லை. பத்து வருடத்தில் அவளை இப்படி அவன் பார்த்ததில்லை. அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"அதான் நாளிக்கி வேல இல்லன்னிட்டீங்களே. அவசரமில்ல தலைவரே, கணக்க நிதானமாவே படிங்க."