சூப் ஆறுவதற்குள்

லென்னெர்ட் அனுப்பிய படிவத்தில் பதினான்கு வரிகள். எங்கள் நடைச் சங்கம் அச்சிட்டு விற்கும் 'நீங்களே சுற்றிப் பாருங்கள்' தாளில் உள்ள பதினான்கு நிறுத்தங்களுக்கும் தலா ஒரு வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'ஆதாரம்' என்று ஒரு கட்டம். பதின்மூன்றை ஒரே காலையில் நிரப்பிவிட்டேன். ஒன்பதாவது கட்டம் மட்டும் மூன்று வாரமாகக் காலியாகக் கிடந்தது.

"ஹெட்விக், அந்த ஒன்பது என்னாச்சு?" என்று வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் கேட்டான் லென்னெர்ட். சங்கத்துக்குப் புதிதாக வந்த செயலாளர். முப்பது வயது. கெட்டவன் இல்லை, ஆனால் எதையும் போனால் போகட்டும் என்று விடத் தெரியாது. தாளைக் கைப்பேசிச் செயலியாக மாற்றும் வேலை அவன் தலையில் விழுந்திருந்தது.

"தேடிட்டு இருக்கேன்."

"எங்க தேடுறீங்க? நான் ஆவணக் காப்பகத்துக்கே போய்ப் பார்த்துட்டேன். அந்தச் சந்துல அப்படி ஒரு பொம்பளை இருந்ததாவே தெரியல. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆதாரம் வரலைன்னா எடுத்துடுவேன். எட்டுக்கு அப்புறம் நேரா பத்து."

"சரி, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மேல்கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். வெறும் வீறாப்பு.

ஆதாரம் எங்கிருந்து வரும்? அந்தக் கதையைக் கட்டியவளே நான்தான்.

மெக்கெலன் ஊர்க்காரர்களான எங்களை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் 'நிலாவை அணைத்தவர்கள்' என்று கேலி செய்வார்கள். முன்னூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால் ஒரு மூடுபனி இரவில், ரம்பவுட் தேவாலயக் கோபுரம் தீப்பற்றிக்கொண்டது என்று ஊரே வாளியும் கையுமாகப் படியேறியதாம். மேலே போய்ப் பார்த்தால் தீயும் இல்லை, புகையும் இல்லை. பனிக்குப் பின்னால் சிவந்து நின்ற நிலா. எது எரிகிறது, எது சும்மா வெளிச்சம் போடுகிறது என்பதில் எங்கள் ஊருக்கு அன்றிலிருந்தே குழப்பம்தான்.

இது எல்லோரும் சொல்லும் கதை. நான் இதில் ஒரு ஒட்டுப் போட்டேன். வாளியோடு ஓடியவர்களில் ஒருவன் வீடு திரும்பவே இல்லை என்றும், 'சூப் ஆறுவதற்குள் வந்துவிடுவேன்' என்று அவன் சொல்லிவிட்டுப் போனதை நம்பி, வெளுப்போர் சந்தில் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் என்றும் எழுதினேன். "இன்னும் காத்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சிறு கண்ணாடியைப் பாருங்கள். ஒரு முறை கையை உயர்த்துங்கள். அவளுக்குத் தெரியும்." அதுதான் ஒன்பதாவது நிறுத்தம்.

சூப் ஆறுவதற்குள் வந்துவிடுவேன் என்று நிஜமாகச் சொன்னவன் ரெனாத். சரக்குப் படகுகளில் வேலை பார்த்தவன், என்னோடு நாலு வருடம் வாழ்ந்தவன். இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, சமையலறைச் சுவருக்கு மஞ்சளா பச்சையா என்ற உப்புப்பெறாத விஷயத்துக்குச் சண்டை போட்டுவிட்டு ரொட்டி வாங்கப் போனான். போனவன் போனவன்தான். ஐந்து மாதம் கழித்து லியேஜ் நகரத்திலிருந்து ஒரு கடிதம். 'காத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை எழுது, வந்துவிடுகிறேன்.' நான் எழுதவில்லை. விட்டுவிட்டுப் போனது அவன், கெஞ்ச வேண்டியது நானா? ரோஷம் தணிந்து பேனாவை எடுத்தபோது, அந்த முகவரியில் அவன் இல்லை என்று என் கடிதம் திரும்பி வந்தது.

ரெனாத் அச்சடித்த எதையும் படிக்காமல் விடமாட்டான். சோப்பு உறை, மருந்துச் சீட்டு, ரயில் டிக்கெட்டின் பின்பக்கம், எல்லாம். எந்த ஊரில் படகு நின்றாலும் இந்த மாதிரித் தாள்களை அள்ளிக்கொண்டு வருவான். அதனால் சங்கத் தாளை எழுதும் வேலை என்னிடம் வந்தபோது, என் பதிலை ஒன்பதாவது நிறுத்தத்தில் வைத்தேன். காலத்தோடு ஒரு கடிதம் எழுத வணங்காத கை, நாற்பதாயிரம் பிரதி அச்சுக்குக் கொடுத்தது.

அவன் கடிதத்துக்கு அப்புறம் நான் குடிமாறிப் போன வீடோ ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், அடுக்குமாடியில் மூன்றாவது தளம். அங்கே யாரை நிற்கவைத்து எதைக் காட்டுவது? ஆகவே அந்தச் சந்தில், கண்ணாடி வைத்த ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் அந்தச் சந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இன்று சாயங்காலம் அது அழியப்போகிறது என்றால், அதற்கு முன் ஒரு தடவையாவது தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, வெளியூர்க்காரி மாதிரி முதல் நிறுத்தத்திலிருந்து நடந்துவிட வேண்டும் என்று தோன்றியது.

மத்தியானமே பனி இறங்கிவிட்டது. பெரிய சதுக்கத்தில் கோபுரத்தின் பாதிக்கு மேல் காணவில்லை. மணிகள் மட்டும் எங்கோ உயரத்தில் தாமாக ஒலித்துக்கொண்டிருந்தன. 'கோபுரத்துக்கு முதுகைக் காட்டுங்கள். நாற்பது எட்டு எடுத்து வையுங்கள்' என்றது தாள். முப்பத்து நாலு வயது ஹெட்விக்கின் குரல் அது. எவ்வளவு அதிகாரம். ஐம்பத்தாறு வயதுக்காரி அடங்கி ஒடுங்கி நடந்தேன்.

'வலது கைப் பக்கம் ரொட்டிக் கடை. மூக்கே வழி சொல்லும்' என்றிருந்தது நாலாவதில். ரொட்டிக் கடை போய்ப் பத்து வருடம் ஆகிறது, இப்போது அங்கே மூக்குக் கண்ணாடிக் கடை. ஆனாலும் அந்த இடத்தில் சூடான ரொட்டி மணத்தது. நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன், மணந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே இருந்த பெண், நான் கண்ணாடி வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதவைத் திறக்க வந்தாள். நான் நழுவிவிட்டேன்.

மீன் சந்தைக்குப் பின்னால் நதி இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் இருந்தது. ஆறாவது நிறுத்தத்தில் நான் எழுதியிருந்த பாலம் பனிக்குள் போய் மறுகரை சேராமலே முடிந்துவிட்டது. தண்ணீர் மட்டத்தில் ஒரு படகின் இயந்திரம் மெதுவாகத் துடித்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். இருபத்து நாலு வருடமாக எந்தப் படகுச் சத்தம் கேட்டாலும் இதே பிழைப்புதான்.

எனக்கு முன்னால் ஒரு ஆணும் பெண்ணும் இதே தாளோடு போய்க்கொண்டிருந்தார்கள். பனி அவர்களை எடுத்துக்கொள்ளும், பிறகு திருப்பிக் கொடுக்கும். எட்டாவதைத் தாண்டியதும் அவர்கள் இடப்பக்கம் திரும்பினார்கள். நான் எழுதியபடியே திரும்பினார்கள். என் கால்களும் திரும்பின.

வெளுப்போர் சந்து நான் நினைத்ததைவிடக் குறுகல். வீடு அப்படியே இருந்தது. ஜன்னல் சட்டத்திலிருந்து ஒரு இரும்புக் கம்பி நீட்டி, அதன் நுனியில் உள்ளங்கையளவுக் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்தபடியே தெருவில் வருகிறவர்களைப் பார்க்க எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் வைப்பார்கள். அந்த இருவரும் நின்று, படித்து, கையை உயர்த்தினார்கள். சிரிக்கவில்லை. கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் மாதிரி அவ்வளவு மரியாதையாகச் செய்தார்கள். பிறகு பனிக்குள் போய்விட்டார்கள்.

நானும் கையை உயர்த்தினேன். இறக்கத்தான் முடியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, கதவு திறந்தது.

"உள்ள வாங்க. கை தூக்கினவங்க எல்லாம் போயிடுவாங்க. நீங்க பஸ்ஸை நிறுத்துற மாதிரி நிக்கிறீங்க."

அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குட்டை முடி, ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை. பெயர் ஒடில் என்றாள். அந்த ஜன்னலை ஒட்டிய சமையலறை மேசையில் உட்காரவைத்து, கேட்காமலே ஒரு கிண்ணம் தக்காளி சூப்பை என் முன்னால் வைத்தாள், குட்டி இறைச்சி உருண்டைகள் மிதக்க. கரண்டியைத் தொடுவதற்கு முன்பே எனக்கு வாய் திறந்துவிட்டது.

"இந்தத் தாளை எழுதினது நான்தாங்க. இங்க அப்படி யாரும் இருந்ததில்ல. எல்லாம் நானா எழுதினது."

ஒடில் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நீங்கதானா அது? இருபத்திரண்டு வருஷமா உங்களைத் திட்டிட்டு இருக்கேன். பேரு தெரியாம ஒருத்தரைத் திட்டுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

"இப்ப தெரிஞ்சிடுச்சே, திட்டுங்க. ஹெட்விக்."

"இப்பப் போய் எங்க திட்டுறது, சூப் வேற வச்சுட்டேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "அந்தக் கண்ணாடி எங்கப்பா மாட்டினது. பாதிரியார் வர்றது தெரிஞ்சா பின்வாசல் வழியா ஓடுறதுக்கு. அதைப் போய்க் காதல் கண்ணாடி ஆக்கிட்டீங்க. மொதல்ல எல்லாம் தினம் யாராவது கதவைத் தட்டுவாங்க. அந்தம்மா இன்னும் காத்திருக்காங்களான்னு. நான் தபால் ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்தவ. பொய் வாயில வராது. யாரும் காத்திருக்கல, கட்டுக்கதை, போங்கன்னு சொல்லிடுவேன்."

"இப்பவும் அப்படித்தானா?"

"இல்ல. ஆறு வருஷமா ஆமான்னுதான் சொல்றேன்." கம்பளிச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஒருத்தர் வந்தார். இதே மாதிரி வெள்ளிக்கிழமை, நல்ல மழை, அடுப்புல மட்டிச் சிப்பி வெந்துட்டிருந்தது. கை கிய்யெல்லாம் தூக்கல. நேரா வந்து தட்டினார். தாளைக் காட்டி, 'சூப் ஆறிடுச்சா'ன்னு கேட்டார்."

கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

"சூப்பெல்லாம் இல்லைங்க, இன்னைக்கு மட்டின்னேன். சிரிச்சார். சிரிச்சு முடிச்சிட்டு, 'அவ நிஜமாவே காத்திருக்காளா'ன்னார். மத்தவங்க கேக்குற மாதிரி விளையாட்டா கேக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். யாரும் காத்திருக்கல, எப்பவும் காத்திருந்ததில்லன்னு. தாளை நாலா மடிச்சு உள்பையில வச்சுக்கிட்டு, 'சரி, கேட்டாவது பார்த்தாச்சு'ன்னு போயிட்டார். திரும்பிப் பார்ப்பார்னு கண்ணாடியிலேயே பார்த்துட்டு நின்னேன். பார்க்கல. மட்டி கருகிப்போச்சு. யாருக்கோ எதையோ கெடுத்துட்டேன்னு மட்டும் தெரிஞ்சது. அன்னையிலேருந்து வெள்ளிக்கிழமை மட்டி வைக்கிறதில்ல, சூப்தான். மறுபடி வந்து கேட்டா இருக்கணும்ல. வெளிய கை தூக்குறவங்களுக்கு நானும் உள்ளேருந்து தூக்குவேன். திரை இருக்கு, யாருக்கும் தெரியாது."

"புருவத்துல வெட்டுத் தழும்பு இருந்ததா?"

"இருந்தது. இடதா வலதான்னு..." ஒடில் பாதியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, அது நீங்களா?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அரை நிமிடம் அவள்மேல், முழுசாக, பாத்திரத்தை எறிகிற அளவுக்கு. அப்புறம் அது திரும்பி வரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. அவன் படித்திருக்கிறான். புரிந்துகொண்டு வந்திருக்கிறான். மழையில் நனைந்துகொண்டு, பயந்துகொண்டு, கதவைத் தட்டிக் கேட்டிருக்கிறான். என் பெயரையும் கதவையும் நான் எழுதியிருந்தால் என் கதவைத் தட்டியிருப்பான். நாற்பதாயிரம் தாளில் நான் ஒளிந்துகொண்டேன், இந்தப் பாவப்பட்டவள் எனக்குப் பதில் வாசலில் நின்று உண்மையைச் சொன்னாள். அப்போதுதான் அழுதேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் ஒடில். அவள் கண்ணும் சிவந்திருந்தது. "தெரிஞ்சிருந்தா ஓடிப்போய்க் கூப்பிட்டிருப்பேன். செருப்புகூடப் போடாம."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யாருக்குத் தெரியவிட்டேன்?"

கைப்பேசி அடித்தது. லென்னெர்ட்.

"அஞ்சு மணி ஆகப்போகுது. ஒன்பதை எடுத்துடவா?"

"வேண்டாம். ஆதாரம் கிடைச்சிடுச்சு, எழுதிக்கோ." என் முழுப் பெயரையும், தெருவையும், வீட்டு எண்ணையும், மூன்றாவது தளத்தையும் நிதானமாகச் சொன்னேன்.

"அது உங்க அட்ரஸ்."

"ஆமா."

"காத்திருந்த பொம்பளைக்கு ஆதாரம் வேணும், ஹெட்விக்."

"அவதான் பேசிட்டு இருக்கா."

 தயங்கித் தயங்கிக் கேட்டான். "முன்னூறு வருஷமாவா?"

"இருபத்து நாலு. முன்னூறை அடிச்சிடு. நிலா, வாளி, கோபுரம் எல்லாத்தையும் அந்த நிறுத்தத்துலேருந்து எடுத்துடு. அதெல்லாம் நான் சேர்த்தது. சூப்பும் கண்ணாடியும் இருக்கட்டும். கீழ என் பேரும் அட்ரஸும் பெருசா வரணும்."

"இதை எப்படிச் சரிபார்க்கிறது?"

"சந்தேகம் இருக்கிறவங்க வந்து மணி அடிக்கட்டும்."

"போட்டுடறேன்" என்றான் லென்னெர்ட். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஜன்னலுக்கு வெளியே பனி அந்தச் சிறு கண்ணாடியை மூடிவிட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் யாரோ நின்றார்கள். கையோ நிழலோ ஏதோ உயர்ந்தது போலிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் கையைத் தூக்கினோம்.

ஒடில் என் கிண்ணத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள். "அவர் மறுபடி இங்க வந்து, சூப் ஆறிடுச்சான்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"ஆறிடுச்சுன்னே சொல்லுங்க. பொய் வேண்டாம். சூடு பண்ணிக்கலாம்னும் சொல்லுங்க."